பின்பக்கத்துப் பொட்டு

அந்தக் கணினியிலிருந்து முதலில் புகை வந்ததா, சத்தம் வந்ததா? சரியாக நினைவில்லை. கருகிய மணம் வந்தது மட்டும் நிச்சயம்.

ஜெயபுரத்தில், யதுர்ஷிகாவின் வீட்டில் அது நடந்தது. அம்மா அப்போது அண்ணாவின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா அஜந்தன் பங்குனியில் காய்ச்சல் வந்து இறந்துபோனான். அதன்பிறகு பொழுதுபட்டால் அம்மா அந்தக் கணினிக்கு முன்னால்தான் இருப்பார்.

"ஐயோ, என்ர பிள்ளையின்ர படமெல்லாம் எரிஞ்சு போச்சோ?"

அப்பா ஓடிவந்து வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

மறுநாள் அப்பாவின் மோட்டார் சைக்கிளில், கணினியை மடியில் வைத்துக்கொண்டு யதுர்ஷிகா கிளிநொச்சிக்குப் போனாள். அவளைக் கணினி திருத்தும் கடையில் விட்டுவிட்டு அப்பா உரம் வாங்கப் போனார்.

படங்கள் போய்விட்டனவோ என்று யதுர்ஷிகா கேட்க, கடைக்காரி சிவரூபி அக்கா கணினிப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"பவர் சப்ளைதான் பழுது. கரண்டை வாங்கி எல்லாத்துக்கும் பங்கு பிரிச்சுக் குடுக்கிற சாமான் இது. படங்கள் வேற இடத்திலை பத்திரமா இருக்கு. பயப்பிடாதை."

யதுர்ஷிகாவுக்கு மூச்சு வந்தது.

அக்கா பழையதைக் கழற்றி, புதியதுக்குப் பக்கத்தில் வைத்தார். "பார்த்துச் சொல்லு. ரெண்டும் ஒண்டோ?"

அவள் குனிந்து பார்த்தாள். அளவு ஒன்றுதான். திருகாணி ஓட்டைகளும் ஒரே இடத்தில் இருந்தன. புதியதின் காற்றாடி பெரியது. தூக்கினால் பாரம் குறைவு. அதன் வயர்கள் தலைவாரியதுபோல நேர்த்தியாக இருந்தன. பழையதின் வயர்களோ, நித்திரையால் எழும்பிய அண்ணாவின் தலைமயிர்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது. ஓமெனத் தலையாட்டினாள்.

"அப்ப சரி, செத்த சாமானைச் சாக்குக்குள்ள போடுவம்" என்று அக்கா கையை நீட்டினார்.

"ரெண்டும் ஒண்டில்லை அக்கா."

"என்ன வித்தியாசம்?"

"இதிலை பொட்டு இருக்கு."

வயர் செருகும் இடத்துக்கு மேலே காய்ந்த சந்தனம். போன சரஸ்வதி பூசையில் அம்மா கணினியின் முன்பக்கத்தில் பொட்டு வைத்தபோது அண்ணா பின்பக்கம் போனான். "சோறு போற வாய் இதுதானம்மா. இதைக் கவனிக்காட்டி கோவிக்கும்" என்று சொல்லி வைத்த பொட்டு. அவனுடைய விரல்ரேகை அதில் அப்படியே இருந்தது.

"ஆர் வைச்சது?"

"அண்ணா. அவர் இப்ப இல்லை."

சிவரூபி அக்கா தூரிகையை எடுத்து, பொட்டைத் தொடாமல் சுற்றியிருந்த தூசியை மட்டும் தட்டினார்.

"கொண்டு போ பிள்ளை. இதைத் திறக்க மட்டும் கூடாது, உள்ளுக்குக் கரண்ட் நிக்கும், என்ன?"

வீட்டில் கணினி வேலை செய்தது. படங்கள் எல்லாம் வந்தன. ஆனால் அம்மா முன்னாலிருந்த கதிரையில் உட்காரவில்லை. பின்பக்கம் போய் நிலத்தில் அமர்ந்து, பொட்டு இருந்த இடத்தைத் தடவினார்.

"வெறுமையாக் கிடக்கு" என்றார்.

"நான் பொட்டு வைக்கட்டோ அம்மா?"

"ஒரு வருசமாகி ஆட்டைத் திவசம் முடியுமட்டும் எங்கட வீட்டிலை பூசை இல்லையெல்லோ."

யதுர்ஷிகா தன் பையிலிருந்து பழையதை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

அம்மா பொட்டைப் பார்த்தார். தொடவில்லை.

"பாரமா இருக்கு."

"ஓம் அம்மா. பழசுதான் பாரம்."

அப்பா அந்த வருடமும் வயல் விதைத்தார். சிவரூபி அக்கா இன்னும் கடை நடத்துகிறார். பழைய பவர் சப்ளை அண்ணாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது. திவசம் முடிந்து வந்த சரஸ்வதி பூசையன்று அம்மா சந்தனக் கிண்ணத்தை யதுர்ஷிகாவிடம் நீட்டினார். அவள் கணினியின் பின்பக்கம் போனாள்.