மாசு மருவற்ற மணல்

மணல்மேட்டில் பாதி ஏறிய பிறகு கோரின் திரும்பிப் பார்த்தாள். விடியலின் சாம்பல் வெளிச்சத்தில், கார் நிற்கும் இடம்வரை ஒரே ஒரு வரிசைத் தடம்தான் தெரிந்தது. அது ட்ரூடியின் தடம்; அவளுடையதைக் காணோம்.

"டயட் வேலை செய்யுது போலடி," என்று ட்ரூடி சிரித்தாள். முப்பது வருடத் தோழி. இலையுதிர்கால வெளிச்சத்துக்காக இருவரும் காமிராவும் கையுமாகப் பாலைவனப் பூங்காக்களைச் சுற்றுவார்கள். "காத்து அழிச்சிருக்கும், விடு. நான் எதிர் மேட்டுக்குப் போறேன். உன் படத்துல என் காலடி விழாது, பயப்படாத."

காற்று இம்மியும் இல்லை.

இங்கே வராமலிருக்க கோரின் ஆயிரம் சாக்குச் சொல்லிப் பார்த்தாள், உண்மையை மட்டும் சொல்லவில்லை. போன அக்டோபரில் தனியாக வந்தபோது இதே சரிவில் யாரோ தள்ளாடிப் போன தடம் இருந்தது. நடுநடுவே முழங்கால் ஊன்றிய குழிகள். படம் கெட்டுவிடுமே என்ற எரிச்சலில், காரில் இருந்த சின்னத் துடைப்பத்தால் அரைமணி நேரம் அத்தனையையும் கூட்டித் தள்ளினாள். அந்தப் படம் காலண்டர் அட்டையில் வந்தது.

மறுநாளே பூங்காக் காவலர் விடுதிக்கு வந்தார். வயதான ஒருவரைக் காணவில்லையாம். "தடம் கிடம் ஏதாவது கண்ணுல பட்டுதா மேடம்?"

"இல்லைங்க."

துடைப்பமும் கையுமாக நின்றதை எந்த வாயால் சொல்வது? தேடியவர்கள் வடக்கே போனார்கள். பதினோரு நாள் கழித்து அவர் இந்த மேட்டுக்குப் பின்னால் கிடைத்தார். தொலைந்த பிறகு மூன்று நாள் உயிரோடு இருந்திருக்கிறார் என்றார்கள். அன்றிலிருந்து வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்கிறது.

உச்சியில் முக்காலியை ஊன்றினாள். குளிர்ந்த மணலின் வாசனைக்கு நடுவே, பல நாள் குளிக்காத உடம்பின் புளித்த வியர்வை நாற்றம் வந்தது. சரிவின் அடியிலிருந்து, வாசல் கூட்டுவதுபோல, ஒரு நிதானமான ஓசை.

சர்ர்... சர்ர்...

"ட்ரூடி!"

எதிர் மேட்டில் ட்ரூடி காமிராவுக்குள் முகம் புதைத்திருந்தாள். காதில் விழவில்லை.

சர்ர். இன்னும் கிட்டே.

"நான்தான் அழிச்சேன்," என்றாள் கோரின், திரும்பாமலே. "கேட்டப்போ இல்லைன்னுட்டேன். வெட்கமா இருந்துச்சு... அவமானமா இருந்துச்சு."

ஓசை நின்றது. சூரியன் எட்டிப் பார்த்தது. அவள் திரும்பினாள்.

அவர் முழங்காலிட்டிருந்தார். உதடுகள் வெடித்திருந்தன. அவளுடைய கடைசிக் காலடியை உள்ளங்கையால் தடவிச் சமன்செய்துகொண்டிருந்தார். கோபம் இல்லை. வேலையில் கவனம் மட்டும்.

பிறகு அந்தக் கை அவள் காலணிக்கு வந்தது. ஒரே தடவல். காலணி இல்லை. பாதம் இல்லை. மணல். வலிக்கவேயில்லை.

கணுக்கால். முழங்கால்.

"கோரின்! எங்கடி போய்த் தொலைஞ்ச?" ட்ரூடியின் காமிரா நேராக அவளையே பார்த்தது. "இங்க வந்து பாரேன், அந்த உச்சியில ஒரு தடம்கூட இல்ல! மாசு மருவில்லாம கிடக்கு!"

கோரின் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். அவற்றில் ஒன்றை அவர் மெல்லப் பிடித்தார்.