நடைக்கோடி அறை

பால் பொங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த நாத்தனார் தம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் பால் கேட்டாள். எல்லா அறைக்கும் மின்விசிறி மாட்டியவர்கள் நடைக்கோடி அறையை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று போகிற போக்கில் விசாரித்தாள்.

பால் ஊற்ற வந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த ரூம் அண்ணி?"

"நடை முடியற இடத்துல இருக்கே, சின்ன ரூம். உன் பொண்ணுதான் கூட்டிட்டுப் போய்க் காட்டுச்சு. உள்ள ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்களே, யாரு, உங்க பக்கமா?"

நடை முடிகிற இடத்தில் சுவர்தான் இருந்தது. பதினோரு வருடமாக ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் வீட்டுக்கெல்லாம் வரைபடம் போட்டவள், தன் வீட்டுக்கும் தானே போட்டிருந்தாள். கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை. பதினான்கு அடி நீளத்தில் ஒரு நடை. அதன் முடிவில் ஒன்பது அங்குலச் சுவர், அதற்கு அப்பால் மூன்றடிச் சந்து, பிறகு பக்கத்து வீட்டு மதில். அங்கே அறைக்கு இடமில்லை. ஓர் அலமாரிக்குக்கூட இடமில்லை.

வீடு சிறியது என்று நாத்தனார் குத்திக் காட்டுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது அவளுக்குக் கைவந்த கலை. ஆனால் சற்று நேரத்தில் தம்பி வந்தான். அந்தச் சின்ன அறை வெயிலுக்கு நல்ல குளுமை என்று மெச்சினான். கூடவே குரலைத் தாழ்த்தி, உள்ளே இருக்கிற அந்த அம்மா, மாமா வீட்டுப் பக்கமா, வணக்கம் சொன்னால் பதிலுக்கு ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்று குறைப்பட்டுக்கொண்டான். அவர்கள் பக்கம் இவர்களைக் கேட்டது, இவர்கள் பக்கம் அவர்களைக் கேட்டது. கல்யாண வீடென்றால் சிரித்திருப்பாள்.

அடுப்பை அணைத்துவிட்டு நடைக்குள் போனாள். கூடத்து ஓமப் புகை அங்கேயும் தாழ்வாகப் படர்ந்திருந்தது. நெய்யும் சமித்தும் கருகிய வாசனைக்கு அடியில் புதுப் பெயின்ட்டின் நெடி இருந்தது, அதற்கும் அடியில், வெகுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல் ஈரத் துணி மக்கிய வாசனை மெல்லியதாக வந்தது. கட்டி முடித்துப் பத்து நாள்கூட ஆகாத வீட்டில் எது மக்கும்? சுவர் இருந்தது. வெளிர் மஞ்சள் சுவர். விரல் முட்டியால் தட்டினாள். செங்கல் சத்தம்தான் கேட்டது. காதை வைத்தாள். மறுபக்கம் யாரோ பாயில் உட்கார்ந்தபடி கால் மாற்றிக்கொள்வது போலிருந்தது.

கைப்பையிலிருந்த அளவுநாடாவை எடுத்து உள்ளே அளந்தாள். வெளியே போய்ச் சந்தில் நின்று மறுபடி அளந்தாள். கணக்கு அவள் வரைந்தபடியே இருந்தது. ஒன்பது அங்குலம், அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை. சந்தில் மேஸ்திரி விட்டுப்போன காலி பெயின்ட் டப்பாக்கள் வெயிலில் கிடந்தன. மணி பத்துதான் ஆகிறது. பட்டப்பகல்.

திரும்பி வந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது.

வாசலில் செருப்புகள் எல்லாம் இருந்தன. முப்பது ஜோடி இருக்கும். கூடத்தில் யாரும் இல்லை. புரோகிதரின் மணை காலியாக இருந்தது, பக்கத்தில் அவர் மூக்குக்கண்ணாடி. ஓம குண்டம் மட்டும் தனியாகப் புகைந்தது.

அவள் கணவன் நடை வாயிலில் நின்றிருந்தான். புகையில் கண் சிவந்திருந்தது. முகத்தில் நல்ல காரியம் நடந்த வீட்டுக்காரனின் நிறைவு.

"எல்லாரும் எங்கங்க?"

"உள்ள. அந்த அம்மாகிட்ட ஆசீர்வாதம் வாங்கிட்டு இருக்காங்க. நீதான் பாக்கி."

"அங்க ரூமே இல்லைங்க."

அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "நீதானே வரைஞ்சே" என்றான். பிறகு நடையில் நடக்கத் தொடங்கினான்.

போகாதீர்கள் என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். அதற்குள் அவன் நடை முடிவுக்குப் போயிருந்தான். கடைசி எட்டு வைக்கும்போது, தாழ்ந்த நிலைவாசலில் குனிவதுபோல் அவன் தலையைத் தாழ்த்தினான்.

அவ்வளவுதான். சுவர் இருந்தது. அவன் இல்லை.

ஓடினாள். இரண்டு கையாலும் சுவரை அறைந்தாள். கணவனைக் கூப்பிட்டாள். தம்பியைக் கூப்பிட்டாள். மகளைக் கூப்பிட்டாள்.

உள்ளே பேச்சு கேட்டது. பலபேர் நெருக்கியடித்து உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொள்ளும் பேச்சு. நாத்தனாரின் சிரிப்பு. யாரோ உஷ் என்றார்கள். சிரிப்பு நின்றது. பேச்சு நின்றது.

பிறகு மகளின் குரல் மட்டும், மிகப் பக்கத்தில்.

"அம்மா, கதவை ஏன் சாத்திட்டே?"

"நான் சாத்தலைடா கண்ணு."

"திறம்மா. இருட்டா இருக்கு. இந்த அம்மா என் கையை விட மாட்டேங்கிறாங்க."

நகத்தால் சுவரைப் பிராண்டினாள். பெயின்ட் உரிந்தது. பூச்சு உதிர்ந்தது. உள்ளே செங்கல். செங்கலுக்குப் பின்னால் செங்கல்.

அப்போதுதான் கீழே பார்த்தாள்.

சுவர் தரையைத் தொடும் இடத்துக்கு ஒரு சாண் மேலே, மகளின் பட்டுப்பாவாடைக் கரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் வெடிப்பில்லை, கீறலில்லை. செங்கல்லோடு சேர்ந்து முளைத்ததுபோல் அரக்கு நிறத்தில் ஒரு முழத் துணி. துணியில் குழந்தையின் சூடு இன்னும் இருந்தது.

முழங்காலிட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். துணி வரவில்லை.

மறுபக்கத்திலிருந்து இழுத்தார்கள். அவசரமில்லாமல். நூல் சுற்றுவதுபோல். ஒரு முழம் ஒரு சாணாயிற்று. சாண் நாலு விரலாயிற்று. அவள் விடவில்லை. விரல் கணுக்கள் சுவரில் முட்டின. சுவர் அங்கே ஈரமாக, மெத்தென்று இருந்தது.