தேவை தீர்ந்த வார்டு

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் நெய்தல்துறை நகராட்சி முழுக்கப் புலம்பத் தொடங்கிவிடும். பல் தேய்க்கிறார்களோ இல்லையோ, வீட்டுச் சுவரில் இருக்கும் குறைகேட்பிப் பெட்டியின் முன் நின்று, தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, நாய் குரைக்கிறது என்று அழுவார்கள். மூன்றாம் வார்டில் அழுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள். வெட்கங்கெட்ட பிழைப்பு!

ஊழலுக்குப் பயந்து நகராட்சியின் பட்ஜெட்டை மனிதர்களிடமிருந்து பிடுங்கிப் பகிர்மதி என்ற இயந்திரத்திடம் கொடுத்ததன் பலன் இது. எந்த வார்டு எவ்வளவு அழுகிறதோ, அதற்கு அவ்வளவு நிதி. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பதை எந்தப் புண்ணியவானோ சட்டமாகவே எழுதிவைத்துவிட்டான்.

ஏழாம் வார்டு மட்டும் வாயைத் திறக்காது. கடல் ஏறிவந்த பிறகு, தடுப்புக் கரைக்குப் பின்னால் பள்ளத்தில் குடியிருக்கும் மீனவ ஜனங்கள். எது கெட்டாலும் கோயில் மணியை அடிப்பார்கள். கூடிச் சரிசெய்துவிட்டுக் கலைந்துபோவார்கள். கடல்நீரை வெளியேற்றும் மோட்டார் நின்றபோதும் அதைத்தான் செய்தார்கள். பகிர்மதி பார்த்தது. 'தேவை தீர்ந்தது' என்று குறித்துக்கொண்டு, புது மோட்டாருக்கான நிதியை மூன்றாம் வார்டின் இசை நீரூற்றுக்குத் திருப்பிவிட்டது.

வார்டு உறுப்பினர் ரோஸ்லினுக்கு வயிறு எரிந்தது. நீங்களும் கொஞ்சம் அழுங்களேன் என்று வீடுவீடாகக் கேட்டுப் பார்த்தாள். சிரித்தார்கள். நேரே ஆணையர் திருவேங்கடத்திடம் போய் நின்றாள்.

"ஒட்டுப்போட்ட மோட்டார் சார். ஐப்பசி மழைக்குத் தாங்காது. வார்டே முங்கிரும்."

நல்ல மனிதர்தான் அவர். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நிதியில் கைவைக்கத் தனக்கே அதிகாரம் இல்லை என்றார். பிறகு அறையிலிருந்த பெட்டியின் மேல் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வீடாவது முங்கணும்மா. முழங்கால் தண்ணி ஒரு மணி நேரம் நின்னா, அவசரத் தேவைன்னு அதுவே எடுத்துக்கும். மோட்டார் வந்துடும். யார்கிட்டயும் சொல்லாதீங்க. பெட்டி காதுல விழுந்தா மோசடின்னு தள்ளிடும்."

"யார் வீட்ட சார் முக்க?"

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வரி கட்டும் ஜனங்கள் குடிதண்ணீர்ப் பானையோடு முங்கிக் காட்டினால்தான் ஒரு மோட்டார். இதைச் சீர்திருத்தம் என்று மேடை போட்டுக் கொண்டாடினார்களே, அவர்கள் விளங்குவார்களா?

பௌர்ணமி ஓதத்தில் கடல் ஏறிய மதியம், ரோஸ்லின் தன் வீட்டுக் கொல்லையை ஒட்டிய சிறு மடையைத் திறந்துவிட்டாள். உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. அரிசி டப்பா மிதந்தது, மெத்தை நனைந்தது. பெட்டியின் முன் நின்றாள். முதலில் அழுகை வரவில்லை. கூச்சமாக இருந்தது. மோட்டாரை நினைத்தாள், இசை நீரூற்றை நினைத்தாள். அப்புறம் நிஜமாகவே வந்துவிட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. "அவசரத் தேவை. கண்காணிப்பு தொடங்கியது."

யார் கண்ணில் பட்டதோ, கோயில் மணி அடித்தது.

வாளி, சட்டி, குடம் என்று கையில் கிடைத்ததோடு தெருவே ஓடிவந்தது. நாலு பேர் மண்மூட்டை போட்டு மடையை அடைத்தார்கள். மற்றவர்கள் வரிசையாக நின்று இறைக்கத் தொடங்கினார்கள்.

"எறைக்காதிய. அப்படியே விடுங்க," என்று ரோஸ்லின் கத்தினாள். காரணம் சொல்ல முடியவில்லை, பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது. பாவம், வீடு போன துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்து இன்னும் வேகமாக இறைத்தார்கள். பக்கத்து வீட்டுப் புஷ்பராணி அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நாங்க இருக்கையில உங்க வீட்ட முங்க விட்ருவோமா, மெம்பரம்மா? அழாதிய."

அரை மணியில் தரை தெரிந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"பாராட்டுகள். ஏழாம் வார்டு தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. தேவை தீர்ந்தது."

அரசாங்கம் தங்களைப் பாராட்டி அவர்கள் கேட்டதே இல்லை. ஈரம் சொட்டச்சொட்ட ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, வாழ்க்கையில் முதல்தடவையாக ரோஸ்லினுக்குத் தன் ஜனங்கள் மேலேயே வெறுப்பு வந்தது. தன் வயிற்றில் அந்த வெறுப்பைக் கொண்டுவந்து வைத்த பெட்டியை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.