சக்கர நாற்காலியின் இரண்டு பேட்டரிகள்

காலை ஏழு மணி. தங்கை கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. அண்ணன் கட்டிலில் விறைத்துக் கிடந்தார். அவர் கழுத்து வெள்ளிச் சங்கிலி கன்னங்கரேலென்று கறுத்திருந்தது.

"விஷவாயு," என்றார் டாக்டர். "சக்கர நாற்காலி பேட்டரியில மிதமிஞ்சி சார்ஜ் ஏறியிருக்கு. ஜன்னலும் சாத்தியிருக்கு."

சார்ஜரைச் செருகியது தங்கை. ஜன்னலைச் சாத்தியதும் அவள்தான். கான்ஸ்டபிள் அவளை ஜீப்பில் ஏற்றத் தயாராக நின்றார்.

"சாரல் அடிச்சுது, சாத்தினேன்," என்றாள் தங்கை, பெண் இன்ஸ்பெக்டரிடம். "சார்ஜர் நாற்காலியோட வந்தது. நிறைஞ்சா தானா நின்னுடும்."

"தானா நின்னா இப்படி ஆகுமா?" என்றான் தம்பி. மூவரில் இளையவன், பேட்டரிக் கடை வைத்திருப்பவன். "அடைச்ச ஜெல் பேட்டரி அது, அக்கா. மூடியும் கிடையாது, தண்ணியும் ஊத்த முடியாது. பதினாலு வோல்ட்டுக்கு மேல போனா உள்ளேயே வெந்துடும். பார்த்துப் போடுன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"நீ வாயால சொன்னே. தினமும் குனிஞ்சு மாட்டினது நான்."

இன்ஸ்பெக்டர் சார்ஜரில் மீட்டரை வைத்துப் பார்த்தார். சரியான அளவு. நம்பாமல் மறுபடியும் வைத்தார். அதே அளவு.

சீட்டைத் தூக்கினார். உள்ளே இரண்டு பேட்டரிகள். ஒன்று பானை வயிறாக உப்பியிருந்தது. அதன் முனைகளில் புது கிரீஸ் பளபளத்தது. மற்றதன் மேல் தூசிகூடக் கலையவில்லை. கிரீஸைத் துடைத்தார். அடியில், ஈயத்தில் பல் பதிந்த தடம்.

"சார்ஜரை எங்கேம்மா செருகுவீங்க?"

"கைப்பிடிக்குக் கீழே. சீட்டைத் தூக்கவே எனக்குத் தெரியாது மேடம்."

"தம்பி, ராத்திரி எங்கே இருந்தீங்க?"

"கடையிலதான் படுத்தேன்."

"வீட்டு சார்ஜர் ரெண்டையும் சேர்த்துத்தான் ஏத்தும். ஒண்ணு மட்டும் இப்படி உப்பணும்னா, யாரோ அதுக்குத் தனியா கிளிப் மாட்டியிருக்கணும். ஈயத்துல இருக்கிற கிளிப் பல் தடம் அதைத்தான் சொல்லுது. சரி, கிளிப்பைக் கழட்டின கையோட கிரீஸ் தடவினது யாரு? உங்க அக்காவா?"

தம்பி தன் விரல்களைப் பார்த்தான். நகக்கண்ணில் இன்னும் பிசுக்கு இருந்தது.

"கொல்லணும்னு இல்ல மேடம். ஒரு பேட்டரி படுத்துடுச்சு. விடிஞ்சதும் வெளிய போகணும்னார் அண்ணன். அக்கா தூங்கினப்புறம் கார் பேட்டரி சார்ஜரை மாட்டி, வேகமா ஏறட்டும்னு பூஸ்ட்டுல போட்டேன். கொஞ்ச நேரம் தாங்கும்னு நினைச்சேன். கடைக்குப் போனவன் கண்ணசந்துட்டேன்."

"விடியக்காலையில வந்து அதைக் கழட்டி, பழையபடி வீட்டு சார்ஜரைச் செருகி, பழியை அக்கா தலையில கட்டிட்டீங்க."

தங்கை அவன் சட்டையைப் பிடித்தாள். "நீ வந்தப்போ அண்ணனுக்கு மூச்சு இருந்துச்சாடா?"

"பாக்கலக்கா," என்றான். "முதல்ல சார்ஜரைத்தான் தூக்கினேன்."