நீலப் புள்ளி

புள்ளியைக் காணோம். காலையில் ஏழு முட்டைகளின் உச்சியிலும் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து டப்பாவைத் திறந்தால் மூன்றாவது முட்டையில் மட்டும் இல்லை. தையல்காரி நிறை வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி குனிந்து பார்த்தாள். புள்ளி அழிந்திருக்கவில்லை, ஈர மணலுக்குள் அடிப்பக்கம் போயிருந்தது. யாரோ முட்டையைப் புரட்டி வைத்திருக்கிறார்கள்.

முட்டைகள் அவள் புருஷன் வளர்க்கும் ஓணான் போட்டவை. முழங்கை நீளம், பெயர் மகாராணி, தையல் அறையில் கண்ணாடித் தொட்டிக்குள் வாசம். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது பெண்டாட்டியின் ஏழாம் மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன், முட்டைக்கு மட்டும் பாடமே எடுத்தான்.

"இது கோழி முட்டை இல்ல. போட்டது போட்டபடி இருக்கணும். புரண்டுச்சுன்னா உள்ள குஞ்சு செத்துடும். மேல ஒரு புள்ளி வச்சுக்கோ."

துணியில் குறி போடும் நீலப் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி, அவள்தான் புள்ளி வைத்தாள். அன்றிலிருந்து ஒரு பைத்தியக்கார நினைப்பு ஒட்டிக்கொண்டது: இந்த முட்டைகள் பொரிந்தால் தன் பிள்ளையும் நல்லபடியாகப் பிறக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

வீட்டில் இருப்பதோ இரண்டே பேர், அவளும் புருஷனின் அக்காவும்.

"அக்கா, டப்பாவைத் தொட்டீங்களா?"

நாத்தனார் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நானா? அந்த மூதேவி இருக்கிற பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுல இது ஒண்ணுதான் குறைச்சல்!"

வாய் என்னமோ அப்படிச் சொன்னது. கை என்ன செய்ததோ, யார் கண்டார்கள்?

மறுநாள் இரண்டு புள்ளிகள் கீழே. அதற்கு மறுநாள் நான்கு. மூன்றாவது முட்டை குழிந்து மஞ்சளாகி நாறத் தொடங்கியது. டப்பாவும் அங்கேயே இருந்ததால் தையல் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்படியும் இன்னொன்று புரண்டது. மாற்றுச் சாவி வைத்திருக்கிறாள் கடங்காரி என்று பல்லைக் கடித்தாள்.

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். கெட்டுப்போனதையும் எடுத்துப்போட மனமில்லாமல், ஏழு முட்டைகளையும் புள்ளி மேலே தெரியும்படி வைத்தாள். மகாராணியின் தொட்டி மூடிமேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தாள். கதவை உள்ளே தாழிட்டு, பாய் விரித்து, டாக்டர் சொன்னபடி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். தொட்டி பல்பின் மஞ்சள் வெளிச்சமும், ஈர மணலின் பூஞ்சை வாடையும், கண்ணாடியை மகாராணியின் நகங்கள் கீறும் மெல்லிய சத்தமும், சமையலறையில் நாத்தனார் பாத்திரங்களை உருட்டும் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, வெகு தூரத்திலிருந்து வருவதுபோல் தேய்ந்துகொண்டே போயின.

விழித்தபோது மல்லாந்து கிடந்தாள். கீறல் சத்தம் நின்றிருந்தது.

தலையைத் திருப்பி டப்பாவைப் பார்த்தாள். ஏழு புள்ளிகளும் மேலேயே இருந்தன. அப்பாடா! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பாவம் அக்கா, அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோம்.

அப்புறம்தான் தொட்டியைப் பார்த்தாள். காலி. மூடிமேல் இஸ்திரிப் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. கதவில் தாழ்ப்பாளும் போட்டபடியே இருந்தது.

கை தானாகக் கொண்டைக்குப் போனது. பென்சில் இல்லை.

நைட்டி மார்புவரை சுருட்டப்பட்டிருந்தது. வயிற்றின் உச்சியில், தோல் இழுத்துப் பளபளக்கும் இடத்தில், சின்னதாக ஒரு நீலப் புள்ளி.

உள்ளே பிள்ளை உதைத்தது. உயிரோடுதான் இருக்கிறது. இன்னும்.

"ஏம்மா, எழுந்துட்டியா?" வெளியே நாத்தனாரின் குரல்.

அக்கா என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கை அசையவில்லை. கால் அசையவில்லை.

முதுகுக்கும் பாய்க்கும் நடுவே ஏதோ நுழைந்தது. குளிர்ந்த விரல்கள். நகத்தோடு ஐந்து. மறுபக்கம் இன்னும் ஐந்து. அவை அவளைக் கொஞ்சமும் குலுங்காமல், மெள்ள, குப்புறப் புரட்டத் தொடங்கின.