உதடு சேராத பாட்டு

பாட்டு முடிந்த பிறகும் அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்தன.

ட்ரம்பெட்டின் கடைசி இழுப்பு தேய்ந்து, கணினித் திரையின் அடியில் ஓடிய ஒலிக்கோடு நூல் பிடித்தாற்போல் நேராகிவிட்டிருந்தது. இசைக்குழுவினர் ஆறு பேரும் புகைப்படத்துக்கு நிற்பவர்களைப் போல உறைந்திருந்தார்கள். முத்துமாலை அணிந்த அந்தக் கறுப்பினப் பாடகி மட்டும், எண்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் ஏதோ ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் நின்றபடி, சத்தமில்லாமல் இன்னும் ஒரு சொல்லைச் சொன்னாள். சத்யப்பிரியா படத்தைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினாள். பற்கள் தெரிய ஒரு சிறு பிளவு. உதடுகள் இறுக மூடின. பிறகு அகலத் திறந்து, குவிந்தன.

வெளியே பிற்பகல் மூன்று மணி வெயில். ஒரகடம் சாலையில் கார் ஏற்றிய நீள லாரிகள் போகும்போதெல்லாம் தரை அதிர்ந்து, அந்த அதிர்வு நாற்காலிக் கால் வழியே முதுகுக்கு ஏறியது. ஆனால் தகரக் கொட்டகைக்குள் அடைத்துக் கட்டிய இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, வெளிச்சம் கிடையாது, வெளிச்சத்தம் கிடையாது. ஒரு சுவர் மட்டும் கண்ணாடி. அதற்கப்பால் மேற்பார்வையாளர் எழிலரசனின் மேசை. ஏசி குளிரில் பழைய ஃபிலிம் டப்பாக்களின் புளித்த வாசனை, என்றோ கெட்டுப்போன ஊறுகாய் ஜாடியைத் திறந்து வைத்ததுபோல, நாக்கில்கூட ஒட்டியிருந்தது.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த ஜாஸ் படங்கள் அவை. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். அந்தக் காலத்து மதுக்கடைகளில் காசு போட்டால் படம் ஓடும் பெட்டிகள் இருந்தனவாம். பெட்டிக்குள்ளிருந்த கண்ணாடிக்காக இவற்றை இடவலம் மாற்றி அச்சிட்டிருந்தார்கள். முதலில் படத்தைத் திருப்பிப் போட வேண்டும், பிறகு பாடுபவரின் உதடும் பாட்டும் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதுதான் அவள் வேலை.

கதவைத் தள்ளிக்கொண்டு எழிலரசன் டீயுடன் வந்தார். கண்ணாடி வழியாக அவள் உதட்டை மட்டும் அசைத்து "டீ வேண்டாம்" என்று சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"வேணாம்னேனே சார்."

"உன் ஊமை பாஷை எனக்கு எங்க தாயே புரியுது? நீ வாயசைச்சா சினிமாப் பாட்டு பாடறேன்னு நெனச்சிக்கிறேன்." அவர் திரையைப் பார்த்தார். "இன்னா, அந்த அம்மாவையே பாத்துக்கினு கீற? கத்துக்கினு கச்சேரி பண்ணப் போறியா?"

"பாட்டு முடிஞ்சப்புறமும் வாய் அசையுது சார்."

"பாட்டை மொதல்ல பதிஞ்சிக்கினு அப்புறம்தான் வாயசைப்பாங்க. எங்கனா தப்பா அசைச்சிருக்கும். நம்ம ஹீரோயினுங்க அசைக்கலியா?" சிரித்துக்கொண்டே போய்விட்டார். கதவு மூடியதும் அவருடைய செருப்புச் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது.

உதடு படிக்க அவளுக்குக் கற்றுத்தந்தது, கார்த் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப். மூன்று வருடம், காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, நூற்றைம்பது டன் இரும்பு சில நொடிக்கொரு தரம் இறங்கி ஏறும் இடத்தில், பெண்கள் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். சூப்பர்வைசரைத் திட்டுவது, சீரியல் கதை சொல்வது, எல்லாமே சத்தமில்லாமல். எதிரே நின்ற தங்கமாரி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பென்னலூரில் பிறந்து வளர்ந்த சத்யப்பிரியாவுக்கு அவளுடைய ஊர்ப் பேச்சு உதட்டிலேயே பழகிவிட்டது. "யக்கா, டீயில சீனியே இல்லக்கா." இவள் நிறுத்து என்பதை அவள் நிப்பாட்டு என்பாள். நிறுத்து என்றால் உதடு மூடாது. நிப்பாட்டு என்றால் மூடித் திறக்கும்.

சத்யப்பிரியா படத்தை நிறுத்தினாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. பிரஸ் ஷாப்பில் நடந்த விபத்தின் விசாரணைக்கான வாக்குமூலம். எல்லாம் அச்சடித்தே வந்திருந்தது, ஒரே ஒரு வரி: விபத்தின்போது நான் தங்கமாரியின் முகத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டால், தங்கமாரி தானாகவே பிரஸின் அச்சுக்குள் கையை விட்டாள் என்று முடிந்துவிடும். நான்கு மணிக்குப் பழைய கம்பெனியிலிருந்து வெங்கடேசன் வாங்கிப் போக வருகிறார்.

அவர் காலையிலேயே போனில் சொல்லியிருந்தார்: "இன்னாத்துக்கும்மா இவ்ளோ யோசிக்கிற? நிறுத்துன்னு சொன்னேன்னுது அந்தப் பொண்ணு. காதுல பஞ்சு வெச்சிக்கினு யாருக்குக் கேக்கும்? நீயே சொல்லு."

கேட்காதுதான்.

தங்கமாரியிடமிருந்தும் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. இடது கையால் தட்டச்சு செய்ய வராததால் பேசி அனுப்புகிறாள். "யக்கா, நீ என் மொகத்தப் பாத்தல்லா? அத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அடுத்த சுருளை எடுத்தாள். வேறு குழு, வேறு வருடம், தொப்பியைச் சரித்துப் போட்ட ஓர் ஆண் பாடகர். டிரம்ஸ்காரர் துடைப்பம் போன்ற குச்சியால் தோலை வருட, அந்த வருடல் ஈரத்தரையில் யாரோ காலை இழுத்து நடப்பதுபோல் ஹெட்போனுக்குள் சுற்றி வந்தது. நடுவில் ட்ரம்பெட் தனியாக வாசிக்கும் இடத்தில் பாடகர் சிரித்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதே சிரிப்போடு கேமராவைப் பார்த்தார். பற்கள். மூடல். அகலத் திறப்பு. குவிதல். பிறகு இன்னொரு திறப்பு, நீளமாக.

நிப்பாட்டுக்கா.

கண் சோர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். கண்ணை மூடினாள். மூடியதும் பிரஸ் வந்தது.

அந்த பிரஸ் இறங்க நான்கு கைகள் வேண்டும். இவளுடைய இரண்டு, எதிரே நிற்பவளுடைய இரண்டு. நான்கும் பொத்தான் மேல் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்க முடியாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் ஷிஃப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை வராது. தங்கமாரியின் பொத்தான்கள் இரண்டும் அமுங்கியே இருக்கும்படி ரப்பர் துண்டைச் செருகியது சத்யப்பிரியாதான். தங்கமாரி தகட்டை வைப்பாள், கையை எடுப்பாள், இவள் அமுக்குவாள். வை, எடு, அமுக்கு. தாளம் போல. ஒரு மணி நேரம் ஆனால் கை தானாகவே ஆடும். அன்று ஒரு தகடு சிக்கிக்கொண்டது. தங்கமாரி வலது கையை உள்ளே விட்டு, நிமிர்ந்து இவளைப் பார்த்துச் சொன்னாள். இவள் படித்தாள். முழுதாகப் படித்தாள். படித்த பிறகும், தாளத்தில், கை அமுங்கியது.

ஆட்கள் ஓடி வருவதற்குள் ரப்பர் துண்டுகள் இவளுடைய சட்டைப் பைக்குள் போயிருந்தன.

மூன்று நாற்பது.

இன்னொரு சுருள். இதில் பாடுபவர் யாருமில்லை, வெறும் வாத்தியங்கள். அது ஆறுதலாக இருந்தது. டிரம்மின் வயிற்றில் எழுத்துகள் கண்ணாடி நிழல்போல் இடவலம் மாறித் தெரிந்தன. பியானோ படத்தின் இடப்பக்கம். வாசிப்பவர் நேராகக் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், மெலிந்த மனிதர், நல்ல கோட்டு. பியானோ இரண்டு கையாலும் ஒலித்தது. அவருடைய இடது கை மட்டுமே கட்டைகளின் மேல் இருந்தது. வலது கோட்டுக் கை மணிக்கட்டோடு தட்டையாக முடிந்து, தொடை மேல் கிடந்தது.

படத்தைத் திருப்பிப் போட்டாள். எழுத்துகள் சரியாயின. பியானோ வலப்பக்கம் போனது. ட்ரம்பெட்காரர் இடப்பக்கம் போனார்.

வெறுமையாக இருந்தது அப்போதும் வலது கைதான்.

மறுபடி திருப்பினாள். வலது. மறுபடி. வலது.

போன் அதிர்ந்தது. "கேட்டாண்ட வந்துட்டேம்மா," என்றார் வெங்கடேசன். "போட்டு எடுத்துக்கினு வா. ரெண்டு நிமிஷ வேலை."

"தோ சார்."

தாளை மேசையில் விரித்தாள். திரையில் படம் ஓடிக்கொண்டேயிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலேயே தெரிந்தது, வாசித்தபடியே அவர்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று. ட்ரம்பெட் நின்றது. உதட்டுக்கு இப்போது வேறு வேலை. பேஸ் வாசிப்பவர். டிரம்ஸ்காரர். ஓரக்கண்ணில் ஆறு வாய்கள் ஒன்றாக மூடி, ஒன்றாகத் திறந்தன. பியானோ மட்டும் விடாமல் ஓடியது. மூன்று தட்டு, மூன்று தட்டு. வை. எடு. அமுக்கு.

பேனா கசிந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீலமாயின. அந்த வரியை ஒருமுறை படித்தாள். முழுதாகப் படித்தாள்.

கையெழுத்துப் போட்டாள்.

பியானோ நின்றது.

ஹெட்போனுக்குள் எதுவுமில்லை. லாரி இல்லை. ஏசி இல்லை. பஞ்சு அடைத்த அமைதி. புளிப்பு வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. சூடான எண்ணெய். இரும்பு.

நிமிர்ந்தாள்.

திரையில் ஆட்கள் யாருமில்லை. பியானோவின் கட்டைகள் மட்டும், மிக அருகில். இடது ஓரத்தில் மெலிந்த மனிதரின் கை. வலது ஓரத்திலிருந்து இன்னொரு கை மெல்ல உள்ளே வந்தது. சிறிய கை. வளையல் இல்லாத, தகடு கீறிக் கீறித் தழும்பேறிய கை. கட்டைகளின் மேல் அமர்ந்தது. விரல் பதிந்த இடத்தில் எல்லாம் வெள்ளைக் கட்டையில் கறை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது நீலமாக இருந்தது.

கட்டைவிரல். ஆள்காட்டி விரல்.

மேசையைக் குனிந்து பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. பேனா உருண்டு தரையில் விழுந்தது. எதிலிருந்து விழுந்தது என்று பார்க்கவில்லை. வலிக்கவில்லை. வலது முழங்கைக்குக் கீழே குளிர் மட்டும். தாள் நனையும் சத்தம் மட்டும்.

திரையில் அந்தக் கை வாசிக்கத் தொடங்கியது.

அவள் கத்தினாள். சத்தம் வரவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். உதடுகள் மூடின. திறந்தன. குவிந்தன. நிப்பாட்டு. நிப்பாட்டு. நிப்பாட்டு.

கண்ணாடிக்கு அப்பால் எழிலரசன் நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். அவள் உதடு அசைவதற்கேற்பத் தலையை ஆட்டியபடி, ஒரு விரலால் கண்ணாடியில் தாளம் போடத் தொடங்கினார்.