குழாயில் மூன்று தட்டல்

ஆயிரத்து நானூற்று ஐம்பது. கூட வேலை பார்த்த நெட்டைக்கு அவன் தரவேண்டியிருந்தது அவ்வளவுதான். சமையலறை சிங்க்கில் நிற்கிற பித்தளைக் குழாயின் விலை அது. பழைய குழாய் மரை தேய்ந்து கையோடு வந்துவிட்ட அன்று, நெட்டைதான் தன் காசைப் போட்டு வாங்கி வந்து மாட்டினான். கூலி கேட்கவில்லை. குழாய்க் காசை மட்டும் கொடு, கூலிக்குத்தான் உன் பொண்டாட்டி டீ போட்டுக் கொடுத்துடுச்சே என்றான். அந்தக் காசைக் கொடுப்பதற்குள் நெட்டை செத்துப்போனான்.

இப்போது அந்தக் குழாய் ஒழுகுகிறது.

முதலில் கவனித்தது மனைவிதான். ஊரெல்லாம் ஒழுகுறதை அடைப்பாரு, வீட்டுல ஒழுகினா பாத்திரம் வைப்பாரு என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவன் காதுபடவே சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான். தொட்டி கழுவுவதும் குழாய் மாட்டுவதும்தான் அவன் பிழைப்பு. ஒரு வாஷர் மாற்றக் கால் மணி நேரம் ஆகாது. ஆனாலும் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தான். அந்தக் குழாயைத் தொட அவனுக்குக் கை வரவில்லை.

விடுமுறை நாளன்று மத்தியானம், மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று மனைவி சொன்னாள்.

"நான் வர்றதுக்குள்ள அதைச் சரி பண்ணிடுங்க. தூக்கமே வரமாட்டேங்குது. சும்மா சொட்டினாக் கூடப் பரவாயில்லை. கவனிச்சீங்களா, அது மூணு மூணா சொட்டுது."

அவள் செருப்புச் சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரரும் ஊரில் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அவன் சமையலறைக்கு வந்து நின்றான்.

மழை வரப்போகிற மாதிரி வெளிச்சம் மங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு வழியாக வந்த அந்த வெளிச்சத்தில் சிங்க்கும், கவிழ்த்து வைத்த பாத்திரங்களும், காய்ந்துபோன பாத்திரம் துலக்கும் நாரும் எல்லாமே கழுவாத ஒரு சாம்பல் நிறத்தில் கிடக்க, குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, அடியில் வைத்த அலுமினியச் சட்டியில் விழுந்தது. டக். அடுத்தது. டக். அடுத்தது. டக். பிறகு ஒன்றுமில்லை. மூச்சு வாங்குகிற நேரம். பிறகு மறுபடியும் மூன்று.

தெரிந்த கணக்கு அது.

தொட்டிக்குள் இறங்கினவன் பேசினால் மேலே இருப்பவனுக்கு ஒன்றும் விளங்காது. பேச்சு சுவரில் மோதி மோதிக் கூழாகிவிடும். அதனால் குழாயில் ஸ்பேனரால் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் தண்ணியை மூடு. இரண்டு என்றால் திற. மூன்று என்றால் வா. இந்த வழக்கத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நெட்டைதான். கூடவே இன்னொன்றும் சொன்னான். மேலே ஆள் இல்லாமல் எவனும் உள்ளே இறங்கக் கூடாது.

அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சிங்க்குக்குக் கீழே குனிந்தான். அங்கே எப்போதும் இருக்கும் ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு இன்று இன்னொரு வாசனையும் இருந்தது. வெகுநாள் மூடிக் கிடந்த தொட்டியின் மூடியைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்குமே, பாசியும் துருவும் செத்த காற்றும் சேர்ந்த வாசனை, அது. எலி செத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தண்ணீர் வரும் பைப்பின் வால்வைப் பிடித்து இறுக்கி மூடினான். மேல் பிடியைக் கழற்றி, உள்தண்டைத் திருகி வெளியே எடுத்தான். அடியில் வாஷர் இருந்தது. தேயவே இல்லை. கடையில் இருந்த மாதிரியே கறுப்பாக, வழவழவென்று இருந்தது.

தேயாத வாஷர் எப்படி ஒழுகும்?

இருந்தாலும் புதிதைப் போட்டான். மரையில் வெள்ளை டேப் சுற்றி, நெட்டை சொல்லிக் கொடுத்த மாதிரியே முறுக்கின பிறகு கால் சுற்று விட்டு இறுக்கினான். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். வால்வு இன்னும் மூடித்தான் இருந்தது.

டக். டக். டக்.

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அந்தக் காசு அங்கேதான் இருந்தது, போன வாரத்திலிருந்து.

போன வாரம் நெட்டையின் வீட்டுக்குப் போயிருந்தான். எப்படியாவது கொடுத்துவிட்டால் இந்த நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தான். அண்ணி தரையில் உட்கார்ந்து, யாருடைய துணிக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் நோட்டுகளை நீட்டினதும் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி. அவரு அன்னைக்குக் காலையில கிளம்பும்போதே சொல்லிட்டுத்தான் போனாரு. பாவம், அவனுக்கும் கஷ்டம், அந்தக் காசை நான் தள்ளிட்டேன், இனி தரவேண்டாம்னு அவன்கிட்ட சொல்லிடப்போறேன்னு. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை அண்ணி என்றான். பிறகு அவளே கேட்டாள், கடைசியாக அவர் எதுவும் கூப்பிடவில்லையா என்று. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே கேட்கவில்லை என்று அவன் சொன்னான். போலீஸுக்குச் சொன்னதும் அதுதான், முதலாளிக்குச் சொன்னதும் அதுதான். அவள் தலையை ஆட்டினாள். நீங்க கூட இருந்தீங்களே, அதுவே போதும் தம்பி என்று அவனுக்கே ஆறுதல் சொன்னாள்.

மோட்டார் ஓடவில்லை.

அன்றைக்கு நெட்டை தொட்டிக்குள் இறங்கியிருக்க, அவன் நிழலில் உட்கார்ந்திருந்தான். தொட்டி வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கையில் சூடாக டீ. பின்னாலிருந்து மூன்று தட்டு கேட்டது. ஒரு மாதமாக நெட்டை பார்க்கும்போதெல்லாம் அந்தக் காசை வைத்துக் கேலி பண்ணிக்கொண்டிருந்தான். என்னப்பா, என் குழாய் சௌக்கியமா என்பான். நாலு பேர் எதிரில் கேட்பான். இப்போது உள்ளே கூப்பிட்டு அதைத்தான் கேட்கப்போகிறான் என்று இவனுக்குச் சுருக்கென்றது. கேட்காத மாதிரி இருந்தான். மறுபடியும் மூன்று. கொஞ்சம் மெதுவாக. குடிச்சுட்டுப் போகலாம் என்று நினைத்தான். டீயை ஊதி ஊதிக் குடித்தான். அப்புறம் ஒரே ஒரு தட்டு. அது தட்டு மாதிரிகூட இல்லை. ஸ்பேனர் கையிலிருந்து நழுவின சத்தம்.

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் எழுந்து போனான்.

இந்த நினைப்பு வந்தால் அவனுக்கு வாய் கசக்கும். இப்போதும் கசந்தது. கோபமாகக்கூட வந்தது. குழாய் மேல் கோபம். ஸ்பேனரைப் போட்டு ஒரு பிடி பிடித்து, குழாயையே முழுதாகக் கழற்றிச் சிங்க்கில் வீசினான். சுவரில் பைப்பின் வாய் மட்டும் வட்டமாக, கறுப்பாகத் திறந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. விரலை விட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. இனி எது சொட்டும்?

டக். டக். டக்.

சட்டியில் எதுவும் விழவில்லை. சத்தம் சட்டியில் இல்லை. பைப்புக்குள் இருந்தது. இரும்பில் இரும்பு படுகிற சத்தம். உள்ளங்கையைப் பைப்பின் மேல் வைத்தான். மூன்று முறை அது கையில் அதிர்ந்தது. கையை எடுக்க நினைத்தான். எடுக்க முடியவில்லை. குளிர்.

பைப் சுவரோடு போய், பின்கதவுக்கு மேலே துளைத்துக்கொண்டு வெளியேறியது. அவன் அதைத் தொட்டுக்கொண்டே நடந்தான். கொல்லைப்புறம். துவைக்கிற கல். காயப்போட்ட மகளின் பாவாடை காற்றில்லாமல் அசையாமல் தொங்கியது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரின் பக்கத்தில் பைப் தரைக்குள் இறங்கியது. அங்கே வீட்டுக்காரரின் நிலத்தடித் தொட்டி. துருப்பிடித்த இரும்பு மூடி.

மூடிக்கு அடியிலிருந்து மூன்று தட்டு. தெளிவாக.

ஓடிவிடலாம். தெருவுக்குப் போய்விடலாம். முக்குக் கடையில் நாலு பேரோடு நின்றுகொள்ளலாம். கால் தெருப்பக்கம் திரும்பவும் செய்தது. அப்போது உள்ளேயிருந்து மறுபடியும் தட்டினார்கள். கொஞ்சம் மெதுவாக.

அந்த மெதுவை அவனால் தாங்க முடியவில்லை.

"வரேண்ணே" என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

மூடியை இழுத்துப் போட்டான். அதே வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே இருட்டு. சுவரில் பதித்த இரும்புப் படிகள். மேலே ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது என்பது ஞாபகத்துக்கு வந்தது. யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால் என்ன சொல்வது? ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான்.

கணுக்கால் அளவு தண்ணீர். வழுக்கல். அவன் சுற்றிலும் கையால் தடவினான். சுவர். பாசி. சுவர். பைப். மறுபடியும் சுவர்.

யாரும் இல்லை.

தட்டலும் நின்றுவிட்டது.

அவனுக்கு அழுகை வந்தது. ஈரச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, "கேட்டுச்சுண்ணே. எனக்குக் கேட்டுச்சு" என்றான். இதுவரை யாரிடமும் சொல்லாததை அந்தக் காலித் தொட்டிக்குச் சொன்னான். அது திரும்பத் திரும்பச் சுவரில் மோதியது. ச்சு. ச்சு. ச்சு. சொன்ன பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது. அப்புறம் அது லேசு இல்லை என்று புரிந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. ஏறிவிட வேண்டும். படியைப் பிடித்தான். விரல் மடங்கவில்லை.

வெளிச்சம் குறைந்தது.

நிமிர்ந்து பார்த்தான்.

தொட்டி வாயின் விளிம்பில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகு இந்தப் பக்கம். நீள முதுகு. உட்கார்ந்திருக்கும்போதே நிற்கிற மாதிரி உயரம். நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் திரண்டு, தொங்கி, அவன் முகத்தில் விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

"அண்ணே."

தொட்டி அந்தச் சொல்லை வாங்கிக் கூழாக்கிவிட்டது.

சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை உருவி மேலே நீட்டினான். கை பாதி உயரம்தான் போயிற்று. நோட்டுகள் நழுவித் தண்ணீரில் விழுந்தன. இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். பைப்பில் தட்டினான்.

மூன்று.

முதுகு திரும்பவில்லை. டீயை ஊதுகிற சத்தம் கேட்டது. பிறகு உறிஞ்சுகிற சத்தம்.

மறுபடியும் தட்டினான். மூன்று. இந்தத் தடவை மெதுவாகத்தான் முடிந்தது.

"காசைத்தான் அன்னைக்கே தள்ளிட்டேனே தம்பி" என்றது அந்தக் குரல். கோபமே இல்லாத குரல். தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. "இது மட்டும்தான் பாக்கி. இரு, குடிச்சுட்டு வரேன்."

ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. பைப்பில் பட்டது.

ஒரே ஒரு தட்டு.

மேலே, விளிம்பில், அந்த முதுகு அசையாமல் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்ததும் டம்ளரைக் கவனமாகக் கவிழ்த்து வைத்தது.